புதர்க்காட்டு டப்பாவின் முதல் வரி

அவளை எல்லாரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப்பாடத்தைத் தவிர எல்லாவற்றிலும் அவளுக்கு அவசரம்.

ஊருக்குப் பின்னால், யாரும் வெட்டாமல் உழாமல் விட்டுவைத்த புதர்க்காடு ஒன்று இருந்தது. நூலகத்து அக்கா மாதம் ஒருமுறை அங்கே ஒரு சின்ன டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தைக் காட்டும் எண்களைப் பிள்ளைகளுக்கு அனுப்புவார். அவற்றைக் கைபேசியில் போட்டால் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மிச்சத்தைக் கண்ணால்தான் தேட வேண்டும். டப்பாவுக்குள் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கும். கண்டுபிடித்தவர்கள் வந்த வரிசையில் பெயர் எழுத வேண்டும்.

பத்து முறை முதல் வரியில் பெயர் எழுதினால், அடுத்த டப்பாவை நாமே ஒளிக்கலாம். மின்னல் ஒன்பது முறை எழுதியாயிற்று. எங்கே ஒளிப்பது என்றுகூட முடிவுசெய்துவிட்டாள். அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அன்று எண்கள் வந்ததும் தலைகூட வாராமல் ஓடினாள். கைபேசி அவளை ஒரு சாய்ந்த மரத்தருகே நிறுத்தியது. அங்கே ரொட்டிக்கடைக்காரரின் மகள் குந்தியிருந்தாள். மின்னலைவிட இரண்டு வகுப்பு சின்னவள். எதையும் உற்றுப் பார்ப்பதால் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வழியில் எறும்பைக் கண்டால்கூட நின்றுவிடுவாள், அதனால் இதுவரை ஒரு டப்பாவையும் கண்டுபிடித்ததில்லை.

“இங்க என்ன பண்ற?”

“நத்தை எறங்கட்டும்னு இருக்கேன்க்கா.”

மரப்பொந்தில் டப்பா இருந்தது. சரியாக மூடி திறக்கும் இடத்தில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

“எண்ணைப் பாத்தா வந்த?”

“இல்லக்கா. காலையிலேருந்து இது பின்னாடியேதான் வந்தேன். இது நேரா டப்பா மேல ஏறிடுச்சு.”

“பிச்சு எடுத்துட்டு எழுத வேண்டியதுதானே?”

“இழுத்தா ஓடு உடைஞ்சிடும். அதுவா போகட்டும்.” பூதக்கண்ணாடி கொஞ்சம் யோசித்தாள். “உனக்கு அவசரம்னா முதல் வரியை நீயே எழுதிக்கோக்கா. எனக்கு ரெண்டாவது போதும்.”

மின்னலின் வாயெல்லாம் பல்லாயிற்று. அவளும் உட்கார்ந்தாள்.

ஆனால் நத்தைக்கு எந்த அவசரமும் இல்லை. கொம்பை நீட்டியது, இழுத்துக்கொண்டது. சும்மா உட்கார முடியாமல் மின்னல் சுற்றுமுற்றும் பார்த்தாள். புல்வெளியிலிருந்து மரம்வரை மினுமினுவென்று நத்தை போன தடம். அதை ஒட்டியே ஈரமண்ணில் முழங்கால் பதிந்த குழிகள். இவ்வளவு தூரம் தவழ்ந்தா வந்தாள்?

பத்தாவது முதல் வரி மின்னலுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும். இருந்தாலும் அந்தக் குழிகளைப் பார்த்த பிறகு மனசு ஒப்பவில்லை.

கடைசியில் நத்தை மரப்பட்டைக்கு நகர்ந்தது. பூதக்கண்ணாடி மூடியைத் திறந்து பென்சிலை நீட்டினாள். “எழுதுக்கா.”

“வந்த வரிசையிலதானே எழுதணும்?”

“ஆமா.”

மின்னல் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினாள். பூதக்கண்ணாடி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “நத்தை.”

“அதுதானே முதல்ல வந்துச்சு? ரெண்டாவது நீ. எழுது.”

பூதக்கண்ணாடி நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு வரிக்கு வழியும் அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.

“இன்னும் ஒன்பது தடவை முதல்ல வந்தா, அடுத்த டப்பாவை நத்தைதான் ஒளிக்கும்” என்றாள் மின்னல்.

“அது ஒளிச்சு முடிக்கிறதுக்குள்ள நாம பெரியவங்களாயிடுவோம்க்கா.”

மின்னலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்சிலை வாங்கி, அடுத்த வரியில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.