இரண்டு விரல் வலப்பக்கம்

"மழை நிக்கட்டும்மா. பொறுத்துப் போலாம்" என்றார் எஸ்டேட் மேனேஜர்.

ஜெயக்கொடி ஜீப் சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது. அதுதான் பதில்!

மேலே, மேகத்துக்குள் எங்கேயோ இருந்தது நரிப்பாறை மேடு. அங்கே ஒரு பழைய ஏலக்காய் ஸ்டோர். அதன் ஜெனரேட்டரை ரிப்பேர் பார்க்கத் தனியாக நடந்து போன அவள் புருஷன் தவசிலிங்கம் திரும்பி வரவில்லை. அவன் போன அன்றே பேய்மழை பிடித்துக்கொண்டது. மலை சரிந்து கிடந்தது. வயர்லெஸ்ஸில் கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவளுக்குத்தான் அழுகை வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், பாய் விரித்தால் படுத்தாள். நெஞ்சுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. பயம்கூட வரமாட்டேன் என்றது.

அந்த மலையில் வாடகை ஜீப் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். பக்கத்து சீட்டில் கொழுந்தன் சுருளிநாதன். பின்னால் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் அமலோற்பவம், மருந்துப் பெட்டியும் பிளாஸ்க்குமாக முக்கால் சீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா சுருளி, வண்டி என்னடா மாடி வீடு கணக்கா உசந்து கெடக்கு? ஏறுங்காட்டியும் என் முட்டி கழண்டு போச்சு!"

"நாந்தான் சிஸ்டர் தூக்கிக் கட்டுனேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் சுருளி. "நாலு ஸ்பிரிங்குக்கும் அடியில இரும்பு வளையம் குடுத்து அரைச்சாண் ஏத்தியிருக்கேன். மேல பாறை ஓடை இருக்குல்ல? வயிறு தட்டாமப் போகணும்ல?"

அந்த மலையில் எல்லா டிரைவர்களுக்கும் இருக்கிற பைத்தியம் அது! யார் வண்டி உசரம் என்பதில்தான் அவர்களுக்குப் போட்டி. ஆனால் இந்தத் தடவை சுருளி பெருமைக்காகச் செய்யவில்லை. அண்ணனுக்காக ஒரு பகல் முழுக்கச் சேற்றில் படுத்துக் கிடந்து செய்த வேலை.

வளைவுகளில் இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் முன்னாலிருந்து 'சரக், சரக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன தம்பி அது?"

"சேறு ஒட்டியிருக்கும் மதினி. நீங்க ஓட்டுங்க."

ஓட்டினாள். கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, மூங்கில் காடு தாண்டி, வண்டி கருங்காட்டு ஓடைக்கு வந்து நின்றது. அடேயப்பா! ஓடையா அது? மரங்களைப் பிடுங்கி உருட்டிக்கொண்டு ஓடும் செம்மண் வெள்ளம்! குறுக்கே இரண்டு உத்திரங்கள் மட்டும் கிடந்தன. மேல்பக்கம் தட்டையாகச் செதுக்கிய காட்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டயர் நிற்கலாம், அதற்கு மேல் ஒரு கட்டை விரலுக்கு இடம் இருக்கும். அதுதான் பாலம்.

"இறங்குங்க ரெண்டு பேரும்" என்றாள் ஜெயக்கொடி.

சுருளி முன்னால் நின்று கை காட்டினான். முன் சக்கரங்கள் இரண்டும் உத்திரத்தின் நட்ட நடுவில் ஏறின. நத்தை மாதிரி வண்டி நகர்ந்தது. பின் சக்கரங்கள் ஏறியதும் நர்ஸ் அலறினார்.

"ஐயோ! நில்லு! நில்லு! பின் டயரு வெளிய தொங்குதுடி!"

இடது பின் டயர் உத்திரத்தின் விளிம்பைத் தாண்டி நின்றது. ஈர மரத்தில் அது மெல்ல வழுக்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கீழே வெள்ளம்! ஜெயக்கொடி பதறவில்லை. பதற அவளுக்குள் ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டு, மூச்சுவிடுகிற வேகத்தில் பின்னால் எடுத்தாள். சக்கரங்கள் கரையைத் தொட்டபோது சுருளிதான் ஓடிவந்து பம்பரைப் பிடித்துக்கொண்டான்.

"மதினி, முன்னாடி நடுவுலதான் இருந்துச்சு! சத்தியமா!"

அவள் இறங்கி, வண்டி நேராக வந்த சேற்றுத் தடத்தைப் பார்த்தாள். பின் டயர் முன் டயரின் தடத்திலேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன் தடம் வலப்பக்கம் ஒதுங்கி, அதன் இடது ஓரம் தனியாகப் பின் தடம் தெரிந்தது.

"முன் ஆக்ஸில் நடுவுல இல்ல" என்றாள், சக்கரங்களைக் கோக்கும் அச்சைக் காட்டி.

"வளைஞ்சிருச்சா? போச்சு! எல்லாம் போச்சு!" சுருளி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கத்தாத. பாப்போம்."

சமதரையில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை நேராக வைத்தாள். நர்ஸின் பெட்டியிலிருந்து நூல் வாங்கி, நுனியில் ஒரு நட்டைக் கட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸின் ஓரத்திலிருந்து தூக்குக் குண்டு மாதிரி தொங்கவிட்டாள். நூலுக்கும் டயருக்கும் நடுவில் விரல் வைத்து அளந்தாள். வலப்பக்கம் ஆறு விரல் இடைவெளி. இடப்பக்கம் இரண்டே விரல்!

"வித்தியாசம் நாலு. அதுல பாதி, ரெண்டு விரல் வலப்பக்கம் தள்ளி நிக்குது. சரக் சரக்னு உரசுனது இந்த இடது டயருதான்."

அடியில் புகுந்து பார்த்தாள். ஆக்ஸில் வளையவில்லை. சேஸின் வலப்பக்கத்திலிருந்து ஆக்ஸிலின் இடப்பக்கத்துக்குச் சாய்வாக ஓடி, ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடித்திருக்கும் குறுக்கு ராடும் நேராகத்தான் இருந்தது. போல்ட்டும் இறுக்கம். அப்படியானால் எது தள்ளியது?

இதற்குள் கால் கடுத்த அமலோற்பவம் முன் பம்பரில் ஏறி உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். வண்டியின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. வலப்பக்கம் தொங்கிய நூல் டயரை நோக்கி நகர்ந்தது!

"சிஸ்டர், எந்திரிங்க."

"ஒரு வாய் டீ குடிக்க விடமாட்டியாடி?" என்று எழுந்தார். நூல் பழைய இடத்துக்குப் போனது.

"உக்காருங்க. சுருளி, நீயும் ஏறு."

இரண்டு பேரும் உட்கார, நூல் இன்னும் நகர்ந்தது. ஜெயக்கொடி சேற்றில் படுத்தபடியே சொன்னாள்: "தம்பி, நீ வண்டிய உசத்துன. இந்த ராடு அதே நீளந்தான இருக்கு? வண்டி மேல போகப் போக ராடு செங்குத்தாகி ஆக்ஸில வலப்பக்கம் இழுத்துருச்சு. ராடையும் நீட்டியிருக்கணும்."

சுருளியின் முகம் செத்துப்போனது. "அவசரத்துல மறந்துட்டேன் மதினி. அண்ணனக் காப்பாத்தணும்னு செஞ்சு, உங்களைக் கொல்லப் பாத்தேனே! வளையத்தக் கழட்டிருவோமா?"

"கழட்டுனா பொழுது போயிரும். பாறை ஓடையில உசரமும் வேணும். இந்தப் பாலத்துக்கு மட்டும் வண்டி குனிஞ்சாப் போதும்."

எப்படிக் குனிய வைப்பது? சேற்றில் சிக்கும் வண்டிகளை இழுக்க வைத்திருந்த செயின் பிளாக் பின்னால் கிடந்தது. ஒரு கொக்கியைப் பம்பரில் மாட்டினார்கள். இன்னொன்றைத் தரையில் துருத்தி நின்ற நாவல் மர வேரில் மாட்டினார்கள். சுருளி சங்கிலியை இழுக்க இழுக்க, வண்டி மூக்கைத் தாழ்த்தியது. நூலைப் பார்த்துக்கொண்டே இருந்த நர்ஸ் "இன்னும்! இன்னுங் கொஞ்சம்! போதும்டா!" என்று கூவினார். இரு பக்கமும் நாலு விரல்! வண்டி எழும்பிவிடாதபடி ஆக்ஸிலையும் சேஸையும் இரண்டு பக்கமும் சங்கிலி சுற்றி போல்ட் போட்டுப் பூட்டினாள் ஜெயக்கொடி. பிறகு செயின் பிளாக்கைக் கழற்றினார்கள். வண்டி குனிந்தபடியே நின்றது!

"அடிப் பாவி, கையப் பாருடி!"

கொக்கி அவள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார். "வலிக்கலையா?"

அவள் கையை யாருடையதோ போலப் பார்த்தாள். "தெரியல சிஸ்டர்."

அமலோற்பவம் கட்டின் மேல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

இம்முறை முன் சக்கரம் போன வழியிலேயே பின் சக்கரமும் போனது. உத்திரங்கள் முனகின. அக்கரை! சுருளியும் நர்ஸும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தே கடந்தார்கள். சங்கிலியை அவிழ்த்ததும் வண்டி மறுபடி நிமிர்ந்தது. பாறை ஓடையில் வயிறு தட்டாமல் ஏறியது. உரசல் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

நரிப்பாறை மேட்டில் ஸ்டோரின் பாதியை மண் மூடியிருந்தது. மீதிப் பாதியின் கதவு திறந்து கிடந்தது. ஜெயக்கொடி ஜீப்பை வாசலுக்கு நேரே நிறுத்தினாள். இறங்கினாள். உள்ளே இருட்டு. கூப்பிடலாம். கூப்பிட்டு, பதில் வராவிட்டால்? அவள் சும்மா நின்றாள்.

உள்ளேயிருந்து, தரையோடு தரையாக, ஒரு கம்மிய குரல் வந்தது.

"எந்தப் பயடா வண்டியத் தூக்கிக் கட்டுனது? முன் ஆக்ஸில் வலப்பக்கம் தள்ளி நிக்குது பாரு!"

தவசிலிங்கம்! உடைந்த காலை ஜெனரேட்டர் பெல்ட்டால் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் கண் சிவந்து தரையில் கிடந்தான். படுத்தபடி வாசலைப் பார்த்தவனுக்கு முதலில் தெரிந்தவை சக்கரங்கள்தான்.

"அண்ணே, நாந்தாண்ணே அந்தப் பய!" என்று சுருளி ஓடி விழுந்து கட்டிக்கொண்டான். "டேய், காலு! காலு!" என்று கத்தினான் தவசி.

ஜெயக்கொடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்தான். அவள் முகம் கோணியது.

"ஏங்க," என்றாள். "கை வலிக்குதுங்க."

அவ்வளவுதான். அடைத்துக் கிடந்த அழுகையெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, அவன் சட்டையெல்லாம் நனைய அழுதாள்.

திரும்பும்போது பாலத்தருகே மறுபடி வேர் தேடி, மறுபடி வண்டியைக் குனிய வைத்தார்கள். சமதரையில் கிடத்தியிருந்த தவசி படுத்தபடியே அதிகாரம் பண்ணினான். "ராடை நீட்டாம ஸ்பிரிங்கை உசத்துனா இப்படித்தான். ஒண்ணுல கை வச்சா அதோட சேந்த இன்னொண்ணையும் பாக்கணும்டா!"

"சரிண்ணே, சரிண்ணே. இனி ராடை அளக்காம வளையத்தத் தொடமாட்டேன்" என்றான் சுருளி. அண்ணனிடம் திட்டு வாங்குவதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்!

எஸ்டேட் கேட்டில் கூட்டம் காத்திருந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் ஆரவாரம். மேனேஜரே குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஸ்டியரிங்க எப்படிடி பிடிச்ச இந்தக் கையோட?" என்று அமலோற்பவம் மாத்திரையை நீட்டினார். "இந்தா, போடு. வலி நின்னுரும்."

ஜெயக்கொடி தலையை ஆட்டி மறுத்தாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."