சுழியத்துக்கு வராத மீட்டர்

உள்ளீட்டு முனைகள் இரண்டையும் செப்புத் துண்டால் இணைத்த பிறகும் மீட்டர் சுழியத்துக்கு வரவில்லை.

கடைசி இலக்கம் கொஞ்சம் தத்தளிப்பது வழக்கம்தான். ஏசி மின்னழுத்தத்தை அளக்கும் எந்த மீட்டரும் முழுக்கச் சும்மா இருக்காது. ஆனால் இது நான்கு வோல்ட் காட்டியது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். ஐந்து.

மீட்டர்களைச் சரிபார்க்கும் ஜன்னலில்லாத அந்த அளவைக்கூடத்தில் குளிர்சாதனத்தின் உறுமலும், காலையில் பற்றவைத்த ஈயத்தின் கசந்த வாடையும், எங்கோ ஒரு டிரான்ஸ்பார்மர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோன்ற ஓசையும் ஒன்றோடொன்று கலந்து அவன் தலைக்குள்ளேயே குடியேறிவிட்டன.

"என்னப்பா, முடிஞ்சுதா?" மேலதிகாரி கதவருகே நின்றார். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் கேட்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'தசமம்'. "விசாரணைக்காரங்க நாலு மணிக்கு வந்துடுவாங்க. உன் தங்கச்சி வேற வெளிய உக்காந்திருக்கு, பாவம். ஒரு டீகூட வாங்கிக்க மாட்டேங்குது."

"இன்னும் சுழியம் மட்டும் பாக்கணும் சார்."

"ஒரு சுழியத்துக்கு இவ்வளவு நேரமா? எனக்கு மேல இருக்கியே!" சிரித்துவிட்டுப் போனார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே மேசையில் இதே மீட்டர். டிசி வரிசையை ஒழுங்காகப் பார்த்தான். ஏசிக்கு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எண் நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும், அரைநாள் பிடிக்கும். வேலை மலையாகக் குவிந்திருந்தது. போன வருஷத் தாளைப் பக்கத்தில் வைத்து, கடைசி இலக்கங்களை மட்டும் அங்கங்கே மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கரை ஒட்டினான். அவன் பார்க்காமல் விட்ட ஏசி பாதையில் ஒரு மின்தேக்கி செத்துக் கிடந்தது. மின்சாரம் ஓடும் கம்பியில் வைத்தாலும் அந்த மீட்டர் சுழியம்தான் காட்டும்.

காட்டியது. மின்கம்பி வேலை பார்த்த தங்கையின் கணவன் அதை நம்பிக் கம்பியைப் பிடித்தான். "மச்சான் கையெழுத்துப் போட்டா போட்டதுதான்" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வானாம்.

அவன் கவனக்குறைவால் செத்தான் என்கிறது நிறுவனம். மீட்டரில் பழுது இருந்ததா என்று அறிக்கை கேட்டிருக்கிறார்கள். இன்று காலை, யாரும் வருவதற்குள், இவன் அந்த மின்தேக்கியை மாற்றிவிட்டான். துல்லியமான மின்னழுத்தம் தரும் மூலக்கருவியிலிருந்து பத்து, நூறு, இருநூறு வோல்ட் கொடுத்து, திருகைத் துளித்துளியாகத் திருப்பி, எல்லாப் புள்ளியிலும் சரியாக நிறுத்தினான். இனி 'பழுதில்லை' என்று எழுதினால் போதும். செத்தவன் தலையில் பழி இறங்கிவிடும். எழுதக் குனிந்தபோது வெட்கம் தொண்டைவரை ஏறியது. காறித் துப்பக்கூட முடியவில்லை.

மீட்டரில் முப்பத்தெட்டு.

மூலக்கருவியை அணைத்தான். விளக்கின் வயரைப் பிடுங்கினான். குறையவில்லை. நாற்காலியைத் தள்ளிப் பின்னால் போனான். பன்னிரண்டு. இன்னும் பின்னால். மூன்று. ஓர் அடி முன்னால் வைத்தான். அறுபது.

முனகல் மீட்டரிலிருந்து வரவில்லை. விலா எலும்புக்குள்ளிருந்து வந்தது.

செப்புத் துண்டைக் கழற்றினான். மீட்டரின் கறுப்பு வயர் முனையை மேசையின் தரையிணைப்பில் செருகினான். சிவப்பு முனையைத் தன் மணிக்கட்டில் வைத்தான்.

இருநூற்று முப்பது.

கை மயிர் நிமிர்ந்தது. முனையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் திறக்கவில்லை. தாடை இறுகிவிட்டது.

பின்னால் கதவு திறந்தது. மெதுவான செருப்புச் சத்தம்.

"அண்ணா, அவங்க வந்துட்டாங்க." தங்கையின் குரல் கம்மியிருந்தது. "அவர் மேல தப்பில்லன்னு எழுதிட்டியா? அவர் மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் தொட்டிருப்பாரு. உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். தொடாதே என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாளே. நாக்கு அசையவில்லை.

"அழறியா? என்னண்ணா இது, நீயே இப்படி உடைஞ்சு போனா..."

சுவரில் அவள் நிழல் நெருங்கியது. அவனைத் தேற்றுவதற்காக நீண்ட கை. அவன் தோளுக்கும் அவள் விரலுக்கும் நடுவே, நீலமாக ஒரு பொறி.