மருந்து தேடிய விலாசம்

திரையில் தெரிந்த பச்சை வெளிச்சம் அவளுடைய இரைப்பையில் இல்லை. இடது விலாவின் ஓரமாக, பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம் போல ஒட்டிக்கொண்டு நின்றது.

ஸ்கேன் அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்ததில் மதிய வெயிலே தெரியவில்லை; மூக்கை அரிக்கும் ஸ்பிரிட் வாடையும், மெஷினுக்குள் மின்விசிறி ஒன்று இடைவிடாமல் முனகும் சத்தமும், முதுகுக்குக் கீழே சில்லென்ற பலகையுமாக அவள் அசையாமல் படுத்திருந்தாள். இடது பக்கம் கணவன் நின்றிருந்தான். அவன்தான் அவளுக்கு டாக்டர். அவள் உடம்பில் ஏற்றியிருந்த மருந்தைச் செய்தவனும் அவனே.

கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கும் அவளுக்கு, வயிற்றில் புற்றுநோய்க் கட்டி என்று சொன்ன அன்று அவளுடைய பாஷையிலேயே விளக்கியிருந்தான். "கண்ணுக்கே தெரியாத பொடிப் பொடி பார்சல்மா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மருந்து. மேல கட்டியோட விலாசம் ஒட்டியிருக்கு. வேற எங்கயும் இறங்காது. ஸ்கேன்ல பச்சையா ஒளிரும், அந்த வெளிச்சம் போற இடத்தை வெச்சுக் கட்டியைக் கண்டுபிடிச்சிடலாம்."

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஆளுங்களை விட ஒழுங்கா வேலை செய்யும்போல" என்றாள். அவனை முழுசாக நம்பினாள்.

இப்போது அவன் ஒயரைச் சரிசெய்ய வலது பக்கம் வந்தான்.

வெளிச்சமும் வந்தது.

உள்ளே எறும்பு ஊர்வது போலிருந்தது. அவன் கால்மாட்டுக்குப் போனான். பச்சை, தொப்புளைத் தாண்டி இறங்கியது.

எந்தப் பார்சலும் தூக்கிக்கொண்டு போகிற ஆளுக்குச் சொந்தமில்லை. அவளுக்குத் தெரியாததா? மேலே எழுதியிருக்கிற வீட்டுக்குத்தான் அது போகும்.

கொஞ்ச நாளாகவே அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தான். தன்னை நினைத்துத்தான் உருகுகிறான் என்று, மருந்து கொடுத்த வலியை மறைத்துக்கொண்டு அவனுக்கு ஊட்டிவிட்டவள் அவள்.

"என்னங்க... இது யாரோட விலாசம்?"

அவன் திரையை அணைக்கக் கை நீட்டினான்.

"சொல்லுங்க. எனக்குக் கட்டி இருக்கா, இல்லையா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத்தான் இருக்கு. நேரா என் உடம்புல ஏத்திக்கப் பயமா இருந்துச்சு. முதல்ல ஒரு நல்ல உடம்புல போட்டு, என்ன பண்ணுதுன்னு பாக்கணும்ல."

உடம்பு. பெண்டாட்டி இல்லை, வெறும் உடம்பு. பாவி, இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

எழுந்தாள். அவன் பின்வாங்கினான்.

"கிட்ட வராதே."

"நான் வரலீங்க" என்றாள்.

உண்மைதான். வயிறு இழுத்தது. கால்கள் அதன் பின்னால் போயின. தரையில் கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தாள். நிற்கவில்லை.

அவன் முதுகு கதவில் மோதியது. அவள் வயிறு அவன் வயிற்றில் ஒட்டியது. அவன் தள்ளினான். அடித்தான். அலறினான்.

இரண்டு சட்டைகளும் நனைந்தன. வெதுவெதுப்பாக.

உள்ளே இருந்த பார்சல்கள் இறங்க, அவளுடைய தோல், தையல் பிரிவது போல, மெல்ல வாய் திறந்தது.