பிளக் கழற்றிய டிராக்டர்

வண்டி திரும்பவே இல்லை. அதுதான் இராக்கம்மாவுக்கு முதலில் உறுத்தியது.

வீட்டுக்குக் கீழே மரக்கறித் தோட்டத்தில் டிராக்டர் ஓடும்போது, வரப்பை எட்டியதும் சத்தம் இறங்கும். அவள் புருஷன் சின்னராசா அதைத் திருப்பியதும் மறுபடி ஏறும். இன்று மத்தியானம் லுணுகலை மலையைப் பனிமூட்டம் விழுங்கியதிலிருந்து, அது ஒரே சீராக, எங்கோ நேராகப் போய்க்கொண்டே இருப்பதுபோல உறுமியது. அவ்வளவு நீளமான பாத்தி அவர்களிடம் இல்லை.

வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது, பங்களாவில் கிடந்த அந்தக் குட்டி டிராக்டரைச் சின்னராசா வாங்கிவந்தான். பழசுதான், ஆனால் அசராத இரும்பு. ஒயில் மாற்றுவான், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான், மழைக்குச் சாக்குப் போர்த்துவான். "இதுதான் மூத்த தாரம், நான் ரெண்டாவதுதான்," என்று இராக்கம்மா சீண்டுவாள்.

பின்கதவு திறந்தது. ஈரமண்ணும் பெட்ரோலும் கலந்த வாடை அடுப்படிக்குள் நுழைந்தது. நனைந்துபோய் வந்த சின்னராசா, பிள்ளை தூங்கிய தொட்டிலருகே, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"வண்டிய ஓட விட்டுட்டா வந்தீங்க?"

"இல்லையே." கையைப் பின்னால் நீட்டி விரித்தான். கரிபிடித்த ஸ்பார்க் பிளக். "சுத்தம் பண்ணக் கழட்டிட்டேன்."

பிளக் இல்லாமல் எஞ்சின் ஓடாது. அது அவளுக்கும் தெரியும். கீழே உறுமல் நிற்கவில்லை.

"அப்ப அங்க ஓடுறது என்னாங்க?"

"போய்ப் பாத்துட்டு வா. புள்ளய நான் பாத்துக்கிறேன்."

முகத்தைக் காட்டவில்லை.

வேறு யாராவது தோட்டத்துக்குள் வண்டியை இறக்கிவிட்டார்களோ என்று நினைத்தபடி அவள் இறங்கினாள். பனியில் தன் பாதமே தெரியவில்லை. ஈரம் காதுக்குள் ஊறியது. சத்தம் நெருங்கியது, இன்னும் நெருங்கியது, கையெட்டும் தூரத்துக்கு வந்தது.

நின்றது.

டிராக்டர் வரப்புக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. சக்கரத்துக்கு அணைகொடுத்த கல் நழுவியிருந்தது. எஞ்சினைத் தொட்டாள். சில்லிட்டது. பிளக் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

அடியில் ஒரு கை. விறைத்த கை.

குனிந்தாள்.

சின்னராசா. கண் திறந்திருந்தது. வாய் நிறைய மண்.

மேலே, வீட்டில், பிள்ளை சிரித்தது.

விழுந்தும் எழுந்தும் ஓடினாள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வெறும் தொட்டில். முன்கதவு திறந்து கிடந்தது.

வெளியே தேயிலைக்குள், நனைந்த முதுகொன்று அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

"எம் புள்ள!"

நிற்கவில்லை. அதன் தோளுக்கு மேலிருந்து குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

வாய் நிறைய மண்.