ஏழாம் தறியின் சிவப்புத் தூசி

போன் அலறியது!

விடியற்காலை ஐந்தரை. நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டிப் பாதி செவிடான காதில் சங்கரசுப்பு போனை அழுத்தினார்.

"அண்ணாச்சி! நம்ம மகாராஜாவக் கொன்னுட்டானுவ! கோமதிநாதன் தறிக்கூடத்துல கெடக்கானாம்! நீங்க ஓடுங்க, நான் பின்னால வாரேன்!"

பேசியது தறித் தொழிலாளர் சங்கத் தலைவர் சங்கரநயினார்.

மகாராஜா... சங்கச் செயலாளர்! கூலி உயர்வு கேட்டுப் பன்னிரண்டு நாளாக ஊரில் ஒரு தறியும் ஓடவில்லை. இன்று பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை.

பேச வேண்டியவனே பிணம்!

சங்கரசுப்பு தறிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, ஏழாம் நம்பர் தறியின் கீழே மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. கண்கள் திறந்தபடி...

"பாத்தீரா வே, ஒம்ம ஆளு லட்சணத்த!" முதலாளி கோமதிநாதன் சீறினார். "தறியில கெடக்க பாவு நூல அறுக்கச் சொவரேறிக் குதிச்சிருக்கான். வழுக்கி விழுந்து இரும்புல மண்டைய இடிச்சிட்டான்!"

"கூடம் பூட்டியா இருந்துச்சு?" இன்ஸ்பெக்டர் ராஜராஜேஸ்வரி கேட்டாள்.

"பன்னெண்டு நாளா மேடம்! ஒரு தறி ஓடல!"

"அப்ப நாசவேலைன்னுதான் கேஸ். இன்னைக்குப் பேச்சுவார்த்தை நடக்காது."

சங்கரசுப்பு கணக்குப் போட்டார். பேச்சு நின்றால் அத்தனை குடும்பமும் பழைய கூலிக்கே தலைகுனிந்து போகணும். செத்தவனுக்கு நாசக்காரன் பட்டம் வேறு!

சங்கரநயினார் ஓடிவந்தான். தலையில் ஈரம் சொட்டியது. நெற்றியில் புதுத் திருநீறு.

"நீதாம்வே கொன்னே!" முதலாளியைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டான்.

முதலாளி என்றாலும் தலைவர் என்றாலும் சங்கரசுப்பு நம்புகிற ஆள் இல்லை. பிணத்தருகே குந்தினார்.

"ஏய் பெருசு, தொடாத!" போலீஸ்காரர் அதட்டினார்.

"தொடல வே. பாக்கேன்."

பார்த்தார். இன்னும் குனிந்தார்.

"அம்மா, இங்கன வாங்க. கண்ணு மேல செவப்பா..."

"ரத்தமா?"

"பஞ்சுத் தூசி! இந்தத் தறியில மட்டுந்தான் செவப்பு நூலு. தறி ஓடுனாத்தான் தூசி பறக்கும். செத்தவன் தெறந்த கண்ணு மேல விழுந்திருக்குன்னா... இவன் விழுந்த பெறவும் இது ஓடியிருக்கு!"

கோமதிநாதன் வெளுத்தார்.

"இவரா ஓட்டினாரு?" இன்ஸ்பெக்டர் முதலாளியைக் காட்டினாள்.

"இவரா? அறுந்த நூல முடியத் தெரியாது! கள்ளத்தனமா ஆளு வச்சு ஓட்டிருக்காரு. மகாராஜா வந்து கையோட பிடிச்சிருக்கான். அதான் அடிச்சுப் போட்டாச்சு."

"யாரு அந்த ஆளு?"

சங்கரசுப்பு மெல்லத் திரும்பினார்.

"ஏலே நயினாரு! பொணத்தப் பாத்துட்டுத்தானலே குளிப்போம்? நீ பாக்கதுக்கு முன்னாடியே குளிச்சிட்டு வந்திருக்க?"

"அ... அது... கோயிலுக்குப் போவோம்னு..."

"சாவுச் சேதிய எனக்குச் சொல்லிட்டா கோயிலுக்குப் போவ?"

சங்கரநயினார் பின்வாங்கினான். இன்ஸ்பெக்டரின் டார்ச் வெளிச்சம் அவன் ஈரத் தலையில் ஓடி, காதுக்குள் பாய்ந்தது.

காது மயிரெல்லாம்... சிவப்புப் பஞ்சு!

"ரெண்டு தறி சொந்தமாத் தாரேன்னு மொதலாளி சொன்னாரு அண்ணாச்சி..." அவன் தரையில் சரிந்தான். "நானும் மொதலாளி ஆயிரலாம்னு..."

இரண்டு பேர் கையிலும் விலங்கு ஏறியது.

"பேச்சுவார்த்தை பதினோரு மணிக்கு நடக்கும் பெரியவரே," என்றாள் இன்ஸ்பெக்டர். "மத்த முதலாளிங்க வருவாங்க. நீங்க போய்ப் பேசுங்க."

சங்கரசுப்பு துண்டை உதறித் தோளில் போட்டார். ஜீப்பில் ஏறுகிற சங்கரநயினாரைப் பார்த்துச் சொன்னார்:

"மொதலாளி ஆவப்போறவன் காதையும் கழுவியிருக்கணும்லாலே!"