ஒட்டிக் கொடுத்தால் போதும்

பரளச்சியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, அதேசமயம் ஒருவரும் மீறாத ஒரு வழக்கம் உண்டு. அந்நிய ஆண் ஒருவனால் ஒரு பெண்ணின் பொருள் உடைந்துபோனால், அவன் அதை ஒட்டிக் கொடுக்கலாம், தைத்துக் கொடுக்கலாம், ஒடுக்கெடுத்துக் கொடுக்கலாம். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வாங்கித் தரக் கூடாது. ஒட்டிக் கொடுத்தால் விவகாரம் அத்தோடு தீர்ந்தது. புதிது வாங்கிக் கொடுத்தால்... அது பரிசம். கொடுத்தவனும் வாங்கியவளும் அதற்குப் பிறகு அந்நியர் இல்லை.

இதை யார் தனக்குச் சொல்லித் தந்தார்கள் என்று ஜெகதீஸ்வரிக்கு நினைவில்லை. நினைவு தெரிந்த நாளாய்த் தெரியும், அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் ஊரிலிருந்து மெயின் ரோடு வரை சைக்கிள். அங்கே டீக்கடை ஓரம் அதை நிறுத்திவிட்டு பஸ். முதல் மாதச் சம்பளத்தில், பழைய சாமான் கடையில் அவளே பேரம் பேசி வாங்கிய உயரமான பார் சைக்கிள் அது. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் அசையாத வண்டி. ஆனால் கரிசலில் மழை பெய்துவிட்டால் எந்த வண்டியும் வண்டியில்லை.

அந்தப் புரட்டாசி மாலையில் அப்படித்தான் பெய்தது. வானம் தன் கூந்தலை அவிழ்த்துவிட்டதுபோல ஒரு மழை... மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் வண்டிப்பாதையில் பாதி தூரம் வருவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. வேப்பங்குச்சியால் அவள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது.

"ஏங்க... சைக்கிளு உங்களத் தூக்குதா, நீங்க சைக்கிளத் தூக்குறீங்களா?"

நிமிர்ந்தாள். இமையில் நின்ற மழைத்துளி வழியாக அவன் இரண்டாகத் தெரிந்தான்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிக்கிர்றோம். உங்களுக்கு என்னவாம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கயித்தக் கட்டி இழுத்து மேட்டுல விட்டுட்டுப் போவோம்னு பாத்தேன்."

"சைக்கிளப் போயி டிராக்டர்ல கட்டி இழுப்பாகளா?"

"கரிசல்ல பொதஞ்ச லாரியவே இழுத்தவனுங்க நானு. சைக்கிளு எம்மாத்திரம்?"

புதைந்ததை எல்லாம் டிராக்டரில் கட்டி இழுப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். அந்தத் துணிச்சலில் அவன் ஹேண்டில்பாருக்குக் கீழே கயிற்றைக் கட்டினான், ஏறி உட்கார்ந்தான், கிளட்சை விட்டான். 'டக்'கென்று ஒரு சத்தம். சைக்கிளின் முன்பாதி டிராக்டரோடு உற்சாகமாகப் போயிற்று. பின்பாதி, சீட்டும் கேரியருமாக, அவளோடு சேற்றில் நின்றது.

அவன் குதித்து இறங்கி ஓடிவந்தான். கையில் அறுந்த தலைபோல ஹேண்டில்பார். சற்றுமுன் கேலி பேசிய கண்கள் இப்போது மழையில் நனைந்த கோழிக்குஞ்சாக ஒடுங்கியிருந்தன. அவள் திட்டத்தான் வாயைத் திறந்தாள்... அந்தக் கண்களைப் பார்த்ததும், வந்த கோபம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டது.

"புது..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒட்டித் தந்துர்றேங்க. எனக்குப் பாலவனத்தம். மாரிக்கண்ணன்னு பேரு. உழவு ஓட்ட வந்தேன்."

"ஒட்டிக் கொடுத்தாப் போதும்" என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாகவே.

அருப்புக்கோட்டையில் வீரபத்திரனுடைய வெல்டிங் பட்டறையில் சைக்கிள் மறுபடியும் ஒன்றாயிற்று. வேலை முடிந்து வந்து வாங்கிக்கொண்டவளிடம் வீரபத்திரன் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

"பைப்பு உள்ளுக்குள்ள அரிச்சுக் கெடக்கு தாயி. நான் ஒட்டுன எடம் நிக்கும். அதுக்குப் பக்கத்து எடம் நிக்காது. பேசாம வேற வாங்கிரு."

"ஏண்ணே, கடைய வச்சுக்கிட்டு வாரவுகள வெரட்டுறீக?" என்றான் மாரிக்கண்ணன்.

வீரபத்திரன் சொன்னதே நடந்தது. ஒட்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி விரிசல் விட்டது. மறுபடி பட்டறை. வெல்டிங் முடியும்வரை எதிர் டீக்கடை பெஞ்சில், நடுவே ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு, இருவரும் காத்திருந்தார்கள்.

"ஊசி குத்துறப்ப ஆளுக அழுவாகளா?"

"பொம்பளைக அழுக மாட்டாக. மீசை வச்ச ஆளுகதான் கண்ண மூடிக்கிட்டு எங்கையப் புடிச்சுக்குவாக."

"அப்ப நானும் ஒரு நாளைக்கு ரத்தம் குடுக்க வரணும்."

"எதுக்கு?"

"மீசை வச்சிருக்கேன்ல..."

அவள் சிரிப்பை டீ கிளாசுக்குள் ஒளித்தாள். கிளாஸ் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்ததை அவன் கவனித்தான்.

அன்று வீடு திரும்பும்போது ஜெகதீஸ்வரி தன்னைப் பற்றியே ஒன்றைக் கண்டுகொண்டாள். கண்மாய்க்கரை மேட்டில் சைக்கிள் குலுங்கும் இடம் வந்தால் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிப்பது அவள் வழக்கம். வண்டி நோகக் கூடாதே என்று. அன்றைக்கு அவள் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. அந்தக் குலுக்கலில் இரும்பு 'கிறீச்'சென்று முனகியபோது, மனசுக்குள் யாரோ மணியடித்தார்கள்.

'அடிப் பாவி... உடையட்டும்னு நெனைக்கிறியா நீயி?'

உடைந்தது.

அந்த மூன்றாவது தடவையில்தான் எல்லாம் கெட்டது. பட்டறையில் கூட்டம். தண்ணீர்த் தொட்டி அடைக்க வந்தவர்கள், கலப்பைக் கொழு தீட்ட வந்தவர்கள். மாரிக்கண்ணன் விரிசலை விரலால் தடவிப் பார்த்தான். அவள் பக்கம் திரும்பினான். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்து வெல்டிங் சத்தம் நின்றிருந்தது.

"ஒட்டி ஒட்டி எத்தன நாளைக்குங்க... புதுசே வாங்கிருவமா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சொன்னதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும், காது மடல் சிவந்திருந்தது. அவள் நெஞ்சு ஒரு கணம் மழைக்குப் பிந்தைய பருத்திச் செடிபோல நிமிர்ந்தது... ஆனால் அத்தனை கண்களுக்கு நடுவே வாய் வேறொன்றைப் பேசியது.

"புதுசு வாங்க எங்க வீட்டுல ஆளு இல்லாமலா கெடக்கு? ஒட்டித் தர முடிஞ்சாத் தாங்க. இல்லையா, விட்டுருங்க."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "தப்புத்தாங்க" என்று மட்டும் சொன்னான். அந்தக் கண்களில் விளக்கு அணைந்ததை அவள் பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிட வேண்டும் என்று நினைத்தாள். வெளியே தூறல். உள்ளேயும்தான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து அவளுக்கு அழைப்பில்லை. அவள் அப்பா வீரபாண்டிக்குத்தான் போன் வந்தது.

"பாலவனத்தத்துப் பய பேசுனான் ஆத்தா" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு. "உன் சைக்கிளுக்கு அரிப்பில்லாத வேற பிரேமு கெடச்சிருக்காம். பழசுதான், புதுசில்லைங்கய்யான்னு ரெண்டு தரம் சொல்லிட்டான். மொறை தெரிஞ்ச பய. வெள்ளிக்கெழம டவுனுக்கு வெத வாங்கப் போறேன்ல, அப்படியே பட்டறைக்கு வந்து பாத்துர்றேன்."

வெள்ளிக்கிழமை மாலை மூவரும் பட்டறை வாசலில் நின்றார்கள். வீரபத்திரன் உடைந்த பிரேமிலிருந்து சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தார். பக்கத்தில் அந்த மாற்றுப் பிரேம். சாயம் மங்கியிருந்தாலும் திடமாயிருந்தது. மாரிக்கண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் பேசினான்.

"அதே ஒசரங்கய்யா. விருதுநகரு வரைக்கும் போயித் தேடுனது. இனி ஒடையாது."

இனி உடையாது... அந்தச் சொல் அவள் முகத்துக்கு நேரே ஒரு கதவைச் சாத்தியது.

அவள் குனிந்து பிரேமைத் தொட்டாள். பின் சக்கரத்துக்கு மேலே, பழைய பிரேமில் துப்பட்டா எப்போதும் சிக்கிக் கிழியும் அந்த மூலை... அங்கிருக்க வேண்டிய கூர்முனையைக் காணவில்லை. அரத்தால் ராவி, விரல் வழுக்கும்படி தேய்த்திருந்தது. அவள் அதை அவனிடம் சொன்னதே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரங்களில் அவள் துப்பட்டாவின் கிழிசல்களை அவன் பார்த்திருக்கிறான். அவமானப்பட்டுப் போன பிறகும், அவள் விலகியிருக்கவே வழி செய்துதரும்போதும், அவளுக்கு எதுவும் சிக்கக் கூடாது என்று தேய்த்திருக்கிறான்.

"நல்ல பிரேமு தம்பி" என்றார் வீரபாண்டி. "பழசுக்குப் பழசு சரியாப் போச்சு. மாட்டுங்க வீரபத்திரன்."

வீரபத்திரன் ஸ்பேனரை எடுத்தார்.

"மாட்டாதீங்க."

சத்தமாகத்தான் வந்தது. கொழு தீட்ட வந்தவர்கள் திரும்பினார்கள். எதிர் டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. மாரிக்கண்ணன் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஏன் ஆத்தா? பிரேமுல கொறையா?" என்றார் அப்பா.

"பிரேமுல ஒரு கொறையும் இல்லப்பா. அன்னைக்கு நான் பேசுனதுதான் கொறை." கண்களை அவன்மேல் நிறுத்தினாள். "அன்னைக்கு இத்தன பேரு முன்னால ஒண்ணு கேட்டீகள்ல... அத நானே இப்பக் கேக்குறேன்."

"ஏங்க..." என்றான் அவன், தணிந்த குரலில். "உங்கப்பா நிக்கிறாக..."

"நிக்கட்டும். அவுக கேக்கத்தான் சொல்றேன்."

"ஜெகதீஸ்வரி!" வீரபாண்டியின் குரல் உயர்ந்தது. "என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான்ப்பா பேசுறேன். இந்தப் பக்கத்துல யாருக்குத் தெரியாது?" அவள் மாரிக்கண்ணனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். டீக்கடைவரை, அதற்கப்பாலும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒட்டவும் வேணாம், பழச மாத்தவும் வேணாம். எனக்குப் புதுச் சைக்கிளு வேணும். உங்க கையால வாங்கித் தாங்க."