கறுப்புத் திரையில் இரண்டு டிரைவ்

மழைக்கு ஒதுங்கியவள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் அந்தச் சுழல் நாற்காலிக்கு விலை கேட்டாள்.

கடைக்காரன் கம்ப்யூட்டரை முறைத்தபடியே விலையைச் சொன்னான். அவள் பாதிக்குக் கேட்டாள். அப்போதுதான் நிமிர்ந்தான்... இமை நுனியில் ஒரு துளி மழை. அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு கண்கள். பேரத்தில் எதிராளியின் கண்ணைப் பார்த்தால் விலை இறங்கிவிடும். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். பார்த்துவிட்டான்.

“அந்த விலைக்குச் சக்கரத்தை மட்டும் கழட்டித் தர்றேன் மேடம்.”

“பரவாயில்லை, உருட்டிட்டே போயிடுவேன். அதை விடுங்க... அந்தக் கம்ப்யூட்டர் என்ன பாவம் பண்ணுச்சு?”

கொட்டித் தீர்த்தான். மேசை, கட்டில், அலமாரி என்று அவன் வரைந்த படங்கள் அத்தனையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில். அது சாகக் கிடக்கிறது. புதுசுக்கு மாற்றலாம் என்றால், பாதியில் ஏதோ ஒரு ஃபைலில் சிக்கி நின்றுவிடுகிறது. அதுவரை போனதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து... நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கான மேசைகளுக்குப் பட்டறையில் மரம் அறுக்க வேண்டும். பென்சிலே போதும் என்ற அப்பாவிடம் மல்லுக்கட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் அவன். படங்கள் போனால் வேலையும் போச்சு, வீட்டில் அவன் பேச்சும் போச்சு.

அவள் பிழைப்பே புரோகிராம் எழுதுவதுதான். தள்ளி உட்காரச் சொன்னாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பட்டன் ஒன்றும் இல்லையா என்று அவன் கேட்க, சினிமாவா ஓட்டுறேன் என்றாள் அவள். சிக்கிய ஃபைலைத் தாண்டிப் போய், மற்றதையெல்லாம் காப்பி செய்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து அதை இன்னொரு முறை முயன்று பார்க்கும்... அவ்வளவுதான் அந்த புரோகிராம்.

அதற்குள் ஆபீஸிலிருந்து அழைப்பு. புரோகிராமின் பெயரை அடித்து, பக்கத்தில் இரண்டு டிஸ்க்குக்கும் உள்ள டிரைவ் எழுத்தையும் அடித்து என்டர் தட்டினால் போதும் என்று சொல்லி, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அவன் தட்டினான். கண் சிமிட்டுவதற்குள் ‘முடிந்தது’ என்றது திரை. புதுசைத் திறந்தான்... காலி. பழசைத் திறக்கப் போனான்... கம்ப்யூட்டரே உறைந்து நின்றது.

“மழைக்கு ஒதுங்கினவளை நம்பிக் கல்லாவில உட்கார வச்சியாடா?” என்றார் அப்பா.

அந்தச் சூட்டோடு போனில் அவளிடம், தெரியாத வேலையில் ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டான். அவள் “வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வந்தாள். முகம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, முன்பு அடித்ததையே மறுபடி அடிக்கச் சொன்னாள். என்டர் மட்டும் கூடாது. அடித்தான்.

“புதுசை ஏன் முதல்ல போட்டீங்க?”

“டெலிவரி சீட்டுல அப்படித்தானே எழுதுவோம்? போய்ச் சேர்ற இடம் மேலே, கிளம்புற இடம் கீழே.”

சுடச்சுடச் சொல்ல வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த எல்லோரும் கிளம்புகிற இடத்தைத்தான் முதலில் போடுவார்கள். அதை இவனிடம் அவள் சொல்லவே இல்லையே... காலி டிஸ்க்கிலிருந்து ஒன்றுமில்லாததை அள்ளிக்கொண்டு போய்ப் பழசில் கொட்டிவிட்டு, ‘முடிந்தது’ என்று சொல்லியிருக்கிறது அந்த அப்பாவி புரோகிராம்.

“அப்ப பழசுல இருந்ததெல்லாம்?” என்று கேட்டான்.

“இருக்கும். அழிக்கிறதுக்கு நான் எழுதவே இல்லை. அதுக்குக் காப்பி மட்டும்தான் தெரியும்... தப்பு என் மேலயும்தான். எது முதல்லன்னு சொல்லியிருக்கணும்.”

இரண்டு வரி சேர்த்தாள். இப்போது திரையே ‘எங்கிருந்து?’ என்றது. பிறகு, ‘எங்கே?’ என்றது. அவன் பதில் அடித்தான். படங்களின் பெயர்கள் மடமடவென்று இறங்கின. ஓரிடத்தில் நின்றது... அப்பாவின் மூச்சும் நின்றது. தாண்டி ஓடியது. கடைசியில் திரும்பி வந்து, சிக்கியதையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது.

பள்ளிக்கூட மேசைப் படத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தபிறகே அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பொண்ணு வந்ததுலேருந்து நிக்குது. உட்காரச் சொல்ல மாட்டியா?” என்று மகனை அதட்டிவிட்டு, பட்டறைக்குச் சேதி சொல்லப் போனார்.

அவள் உட்கார்ந்தாள். உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது இருவருக்கும். வேண்டும் என்பதை முதலில் காட்டிக்கொள்கிறவனுக்குத்தான் பேரத்தில் நஷ்டம். அவன் காட்டிக்கொண்டான்.

“படம் போச்சேன்னுதான் போன்ல கத்தினேன். வச்சப்புறம் அது பெரிசாவே தெரியலை... நீங்க இனிமே இந்தப் பக்கம் வரவே மாட்டீங்களோன்னுதான் பயந்துட்டேன்.”

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

“என் புரோகிராம் சரிதான்னு காட்டத்தான் போறேன்... வேறெதுக்கும் இல்லைன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். உங்க தெருவுக்குள்ள திரும்புறப்பவே அது பொய்னு தெரிஞ்சுபோச்சு.”